"பாட்டி வந்திருக்காங்க ஆன்ட்டி, மே மாசம் அனுப்பல"

2023 ஏப்ரல் கடைசி வாரத்தில், நான் நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு (கிரெச்) பிள்ளை அனுப்பும் வீடுகளிலிருந்து நாலு நாளுக்குள் நாலு வாட்ஸ்அப் செய்தி வந்தது. முதல் வீட்டில் பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கிறார். இரண்டாவது வீட்டில் பிள்ளையையே திருநெல்வேலிக்குக் கூட்டிப் போகிறார்கள். மூன்றாவது வீட்டில் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து, அப்படியே ஊரில் ஒரு மாதம். நான்காவது வீட்டில் சித்திக்கு லீவு, அவள் பார்த்துக்கொள்வாள். நான்கு செய்தியும் ஒரே மாதிரி முடிந்தது: "எங்க இடத்தை மட்டும் வெச்சிருங்க ஆன்ட்டி, ஜூன்ல வந்துடறோம்."

நான்கு பேருக்குமே "சரிம்மா, நல்லபடியா போயிட்டு வாங்க" என்றுதான் பதில் போட்டேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அன்று தூங்க இரண்டு மணி ஆனது.

சென்னை மேடவாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனைத் தனியாக வாடகைக்கு எடுத்து 2022 ஜூனில் கிரெச் ஆரம்பித்தேன். ஐடி கம்பெனிகள் எல்லாரையும் திரும்ப ஆபீசுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த சமயம். ஒரு வயதிலிருந்து நாலு வயது வரை ஒன்பது பிள்ளைகள், காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை. ஒரு பிள்ளைக்கு மாதம் 8,000. ஒன்பது பேரும் கட்டினால் 72,000. வாடகை 16,000, ஒரு ஆயாவுக்கு 12,000, இன்னொரு ஆயாவுக்கு 10,000, பால், காய்கறி, மளிகை, கேஸ் 9,000, கரண்ட் 3,000, ஃபினாயில், டிஷ்யூ, விளையாட்டுச் சாமான், மற்ற சில்லறை 2,000. ஆக 52,000. மிச்சம் 20,000. அதுதான் என் சம்பளம்.

ஆரம்பத்தில் எனக்கு விதி என்று எதுவும் கிடையாது. வராத நாளுக்குக் காசு வாங்கக் கூடாது, அது பாவம் என்று நினைத்தேன். மாதத்துக்கு 22 நாள் என்று வைத்து, ஒரு நாளுக்கு 360 ரூபாய் கழித்துவிடுவேன். சளி, ஊர், கல்யாணம், அம்மாவுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம், அப்பாவுக்கு லீவு என்று ஆளுக்கு மூன்று நான்கு நாள் போகும். ஒரு மாதம் 72,000 வர வேண்டிய இடத்தில் 61,000தான் வந்தது. யாரும் ஏமாற்றவில்லை. கழிக்கச் சொன்னதே நான்தான்.

அந்த ஏப்ரல் ராத்திரி நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெளிவு வந்தது அதிலிருந்துதான். ஒரு பிள்ளை ஒரு மாதம் முழுக்க வராவிட்டால் எனக்கு எவ்வளவு மிச்சம்? வாடகை குறையாது. ஆயா சம்பளம் குறையாது. ஃபேன் ஒன்பது பேருக்கும் ஒன்றுதான் ஓடும், எட்டு பேருக்கும் ஒன்றுதான் ஓடும். குறைவது பாலும் சாப்பாடும்தான். 9,000த்தை ஒன்பதால் வகுத்தால் ஆயிரம் ரூபாய். எட்டாயிரத்தை விட்டுக்கொடுத்து ஆயிரத்தை மிச்சம் பிடிக்கிறேன். நாலு பிள்ளை போனால் வரவு 40,000, செலவு 48,000. என் சம்பளம் போனதோடு கையிலிருந்தும் 8,000 போடணும்.

அந்த மே மாதம் சீட்டுப் பணம் கட்ட முடியவில்லை. அதைவிட எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. சின்ன ஆயாவிடம், "இந்த மாசம் பிள்ளைங்க கம்மி, ஒரு பத்து நாள் வீட்ல இருந்துக்கறீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். "சம்பளம் பிடிப்பீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து அங்கேயே வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், சம்பளமும் முழுசாகத் தந்தேன். ஆனால் என்னிடம் ஒரு விதி இல்லாததால் அந்தச் சுமை அவர் தலையில் இறங்கப் பார்த்தது. பிள்ளை வராத நாளுக்கும் நான் கட்டணம் வாங்குகிறேன் என்றால், அந்த நாளுக்கு ஆயாவுக்கும் முழுச் சம்பளம் போய்ச் சேர வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பெற்றோரிடம் கட்டணம் கேட்பது சரியில்லை என்பது என் கருத்து.

இன்னொன்றும் நடந்தது. அந்த மே மாதமே புதிதாக ஒரு குடும்பம் இடம் கேட்டு வந்தது. "ஒன்பதும் ஃபுல்" என்று திருப்பி அனுப்பினேன். ஜூன் வந்தது. நாலு பேரில் மூன்று பேர்தான் திரும்பினார்கள். பாட்டி வந்திருந்த அந்த முதல் வீட்டில், பாட்டி இங்கேயே தங்கிவிட்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, பாட்டி பார்ப்பதுபோல் யார் பார்ப்பார்கள்? ஆனால் அந்த இடம் நிரம்ப ஒரு மாதம் ஆனது.

பட்டவள் என்பதால் ஜூனில் நேர் எதிராகப் போனேன். "வந்தாலும் வராவிட்டாலும் முழுக் கட்டணம். எந்தக் காரணத்துக்கும் கழிவு இல்லை" என்று குரூப்பில் போட்டேன். இரண்டு மாதம் பணம் சரியாக வந்தது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று ஆகஸ்டில் தெரிந்தது.

ஒரு பிள்ளை காலையில் சுறுசுறுப்பாக வருவான், விளையாடுவான். பன்னிரண்டரை மணிக்குச் சோறு ஊட்டும்போது உடம்பு கொதிக்கும். அம்மாவுக்கு போன் போட்டால், "காலையில நல்லாத்தானே ஆன்ட்டி இருந்தான்" என்பார். நாலைந்து தடவை ஆன பிறகுதான் புரிந்தது. காய்ச்சல் மருந்து வேலை செய்வது நாலு முதல் ஆறு மணி நேரம். எட்டு மணிக்கு சிரப் கொடுத்து அனுப்பினால் மதியம் மறுபடி ஏறத்தான் செய்யும். அவர்கள் கெட்ட பெற்றோர் இல்லை. வீட்டில் வைத்துக்கொண்டால் ஆபீசில் ஒரு லீவு போகும், இங்கே கட்டணமும் போகும். இரண்டு பக்கமும் அடி விழும் என்றால் மனிதர்கள் சிரப் பாட்டிலைத்தான் எடுப்பார்கள். எடுக்க வைத்தது நான் போட்ட விதி.

அந்த ஆகஸ்டில் ஒரு பிள்ளைக்கு உள்ளங்கையிலும் வாயிலும் கொப்புளம். கை-கால்-வாய் நோய். எச்சிலிலும் கொப்புள நீரிலும் மலத்திலும் பரவுவது. ஒரே பொம்மையை ஒன்பது பேர் வாயில் வைக்கும் இடத்தில் அதை எப்படித் தடுப்பது? இரண்டே வாரத்தில் ஆறு பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. ஒன்றே கால் வயதுக் குட்டி ஒன்று, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் என் தோளில் கிடந்து அழுதது. ஏழு வேலை நாள் மூடினேன். மூடியது நான் என்பதால் அந்த நாள்களுக்கு எல்லாருக்கும் பணம் திருப்பினேன், 22,680 ரூபாய். சாப்பாட்டுச் செலவில் மிச்சமானது போக, அந்த மாதம் எனக்குக் கையில் நின்றது இருநூறு ரூபாய்கூட இல்லை.

அந்த ஏழு நாளும் வீட்டில் உட்கார்ந்து யோசித்துத்தான் இப்போதைய முறையை எழுதினேன். எல்லா விடுப்பும் ஒன்றல்ல. வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய விடுப்பு இருக்கிறது, வசதிக்கு எடுக்கும் விடுப்பு இருக்கிறது, மாதக்கணக்கில் போகும் விடுப்பு இருக்கிறது, நான் மூடுகிற விடுப்பு இருக்கிறது. நான்குக்கும் ஒரே விதி போட்டதுதான் இரண்டு தடவையும் என்னைக் கவிழ்த்தது.

உடம்பு சரியில்லாத நாளுக்கு, காலை எட்டு மணிக்குள் போன் செய்து "இன்னிக்கு அனுப்பல" என்று சொன்னால் அன்றைய கட்டணத்தில் பாதி, அதாவது 180 ரூபாய், அடுத்த மாதம் கழித்துக்கொள்வேன். வருடத்துக்குப் பத்து நாள் வரை. டாக்டர் சீட்டு கேட்பதில்லை. அந்தச் சீட்டுக்காக அவர்கள் கிளினிக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஃபீஸ் கட்டினால் 180 ரூபாயில் என்ன பயன்? பொய் சொல்லி எடுப்பார்களே என்று தோழி ஒருத்தி கேட்டாள். எடுத்தால் எடுக்கட்டும். ஒரு காய்ச்சல் பிள்ளை உள்ளே வராமல் இருப்பதற்கு நான் கொடுக்கும் விலை அது. 2024 முழுக்க, பத்து நாளையும் தீர்த்தது இரண்டு வீடுகள்தான்.

அந்தப் பணத்தை நான் என் சம்பளத்திலிருந்து தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்து நாள், 180 வீதம் வருடத்துக்கு 1,800. மாதத்துக்கு 150. கட்டணத்தை 8,000திலிருந்து 8,200 ஆக்கியபோது இந்த 150 எதற்கு என்று வெளிப்படையாகவே சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. கழிவு கொடுக்க நினைப்பவர்கள் முதலில் அதைக் கட்டணத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை போன் வரும்போதும் மனசு கணக்குப் பார்க்கும், அது குரலில் தெரிந்துவிடும்.

திரும்பி வருவதற்கும் விதி உண்டு. மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்திக்கும் நின்று ஒரு நாள். மெட்ராஸ் ஐ என்றால் பீளை நிற்க வேண்டும். கை-கால்-வாய் நோய் என்றால் காய்ச்சலும் போய், கொப்புளமும் காய்ந்திருக்க வேண்டும். "மருந்து கொடுக்காமல்" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

கல்யாணம், கோயில், அப்பாவுக்கு லீவு என்று ஒன்றிரண்டு நாள் போவதற்குக் கழிவு கிடையாது. இதில் எனக்கு இப்போது தயக்கமே இல்லை. அவர்கள் கட்டுவது வந்த நாளுக்கு இல்லை, அவர்கள் பிள்ளைக்கென்று இருக்கும் ஒரு பாய்க்கு. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பாயை நான் வேறு யாருக்கும் விரிப்பதில்லை.

நீண்ட விடுப்புதான் பெரிய விஷயம். மே மாதம் ஊருக்கு அனுப்புவது நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. தாத்தா பாட்டியோடு ஒரு மாதம் இருந்து வரும் பிள்ளை பேச்சே மாறி, நாலு புது வார்த்தையோடு வரும். அதைத் தண்டிக்கிற மாதிரி விதி போடக் கூடாது. அதே சமயம், நான்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஆகவே முப்பது நாள் முன்னால் சொல்லிவிட்டு ஒரு மாதம் முழுக்கப் போனால் பாதிக் கட்டணம், 4,100. வருடத்தில் இரண்டு மாதம் வரைதான் இந்தச் சலுகை. முன்னால் சொல்லாவிட்டால் முழுக் கட்டணம். முப்பது நாள் எதற்கு என்றால், அந்த இடத்துக்கு நான் ஆள் பார்க்க வேண்டும்.

ஆள் எங்கே கிடைப்பார்கள் என்பதை என் பெரிய ஆயாதான் சொன்னார். மே மாதம் பள்ளிக்கூடத்துக்கு லீவு. ஆனால் அம்மா அப்பாவுக்கு லீவு இல்லை. பக்கத்து அபார்ட்மென்டுகளில் ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை எங்கே விடுவது என்று தவிக்கும் வீடுகள் எத்தனையோ. ஒரு மாதத்துக்கு மட்டும் 6,000 என்று சொன்னேன், கேட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கு மேல் எடுக்கவில்லை. பெரிய பிள்ளைகள் ஓடினால் தவழும் குட்டிகள் மிதிபடும். அவர்களுக்குத் தனி அறை.

அங்கே ஒரு நியாயக் கேள்வி வந்தது. ஊருக்குப் போன பிள்ளையின் இடத்துக்கு அவர்களிடமும் பாதி வாங்கி, அதே இடத்துக்கு இன்னொருவரிடமும் வாங்கினால் அது சரியா? எனக்குச் சரியாகப் படவில்லை. இடம் நிரம்பினால் ஊருக்குப் போனவர்கள் 2,000 மட்டும் கட்டினால் போதும் என்று எழுதினேன். 2024 மே மாதம் மூன்று பேர் போனார்கள், இரண்டு இடம் நிரம்பியது. மொத்தம் 69,300 வந்தது. ஒன்பது பேரும் இருந்தால் 73,800. ஒரு வருடத்துக்கு முன்னால் அதே மே மாதம் வந்தது 40,000.

இரண்டு மாதத்துக்கு மேல் போகிறவர்களோடு பேசுவது கஷ்டம். இரண்டாவது பிரசவத்துக்குப் போகும் அம்மாவுக்கு, சட்டப்படி 26 வாரம் விடுப்பு. ஆறு மாதம் அம்மா வீட்டில் இருக்கும்போது மூத்ததை எதற்குக் கட்டணம் கட்டி இங்கே அனுப்ப வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். ஆறு மாதம் இடத்தை வெறுமனே வைத்திருக்க என்னால் முடியாது என்பதும் நியாயம்தான். இடத்தை விட்டுவிடுங்கள், டெபாசிட்டைத் திருப்பித் தருகிறேன், திரும்பும்போது காலி இடம் வந்தால் முதல் உரிமை உங்களுக்கு என்று சொன்னேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பச்சைக் குழந்தையோட இவனையும் நாள் முழுக்க என்னால பாக்க முடியுமான்னு தெரியலை ஆன்ட்டி. வாரத்துல ரெண்டு நாள் மட்டும் வரட்டுமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னுடைய இன்னொரு தலைவலிக்கு வழிகாட்டியது. 2024 நடுவிலிருந்து ஹைபிரிட் வேலை பார்க்கும் பெற்றோர் வர ஆரம்பித்திருந்தார்கள். வாரம் மூன்று நாள்தான் ஆபீஸ், மூன்று நாளுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். ஐந்தில் மூன்று பங்கு என்று தோராயமாகக் கணக்குப் போட்டு 4,800க்கு மூன்று பிள்ளைகளைச் சேர்த்தேன். மூன்று பேருக்கும் செவ்வாய், புதன், வியாழன்தான் வேண்டும். திங்களும் வெள்ளியும் மூன்று பாய் சும்மா கிடந்தது. 24,600 வர வேண்டிய இடத்தில் 14,400. மூன்று நாள் என்று சொன்னாலும் அவர்கள் பிடிப்பது முழு இடத்தையும்தான் என்று அப்புறம்தான் உறைத்தது. இப்போது மூன்று நாளுக்கு 6,500. திங்கள், வெள்ளி மட்டும் வருகிறவர்களுக்கு 3,000. பிரசவ விடுப்பில் இருக்கும் அம்மாக்களுக்கு எந்த நாள் என்பது முக்கியமில்லை, ஓய்வு கிடைத்தால் போதும். அந்தப் பெண்ணின் மகன் திங்களும் வெள்ளியும் வந்தான். அதே பாயில் மற்ற மூன்று நாள் இன்னொரு பிள்ளை. போர்வை, தலையணை உறை மட்டும் ஆளுக்குத் தனி.

நான் மூடும் நாளைப் பற்றிப் பேசாமல் பெற்றோரின் விடுப்பைப் பற்றி மட்டும் விதி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நிற்காது. பொங்கல், தீபாவளி, ஆயுதபூஜை, என் சொந்த வேலை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 12 நாள், தேதி ஜனவரியிலேயே கொடுத்துவிடுவேன். அவை கட்டணத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் நான் மூடினால், எனக்கே காய்ச்சல் என்றாலும், 360 முழுசாகத் திருப்புவேன்.

2023 டிசம்பர் 4ஆம் தேதி, திங்கட்கிழமை, மிக்ஜாம் புயல் இந்த எந்த விதியிலும் அடங்கவில்லை. பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் வடியப் பல நாள் ஆனது. சின்ன ஆயாவின் வீட்டுக்குள் தண்ணீர். கரண்ட் இல்லை. ஐந்து நாள் திறக்க முடியவில்லை. நானும் மூடவில்லை, அவர்களும் விடுப்பு எடுக்கவில்லை. நஷ்டத்தை ஆளுக்குப் பாதி பகிர்ந்துகொள்வோம் என்று குரூப்பில் எழுதினேன். 8,100 திருப்பினேன். இரண்டு அப்பாக்கள் "எங்களுக்கு வேண்டாம், ஆயாம்மாவுக்குக் குடுத்துடுங்க" என்று சொன்னார்கள். அப்படியே கொடுத்தேன். வெள்ளம், புயலுக்குப் பாதிப் பாதி என்பதை அப்புறம் விதியாகவே சேர்த்துவிட்டேன்.

விதி எழுதுவதைவிட அதைச் சொல்லும் விதம் கடினம். புதிதாக இடம் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் விளையாட்டு அறையைக் காட்டுவேன், பிறகு உட்கார வைத்து மூன்று கேள்வி மட்டும் கேட்பேன்: பாட்டி வந்தா என்ன பண்ணுவீங்க, காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க, நான் மூடினா என்ன பண்ணுவீங்க? அவர்கள் சொன்ன பிறகு எங்கள் முறை இது என்று ஒரு பக்கத் தாளைப் படித்துக் காட்டுவேன். தமிழில், ரூபாய்க் கணக்கோடு. அம்மா அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பேசுவது அம்மாவாக இருக்கும், ஜிபே பண்ணுவது அப்பாவாக இருக்கும். அவருக்குத் தெரியாத விதியால் அந்த வீட்டில் சண்டை வரும். சண்டைக்கு மறுநாள் பிள்ளை இங்கே அழும்.

வாசலில் காசு பேச மாட்டேன். சாயங்காலம் பிள்ளை அம்மா இடுப்பில் தொற்றிக்கொண்டிருக்கும்போது, ஆயா பையை எடுத்துக் கொடுக்கும்போது, "இந்த மாசம் பாக்கி இருக்கேம்மா" என்று ஆரம்பிக்கவே கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் செய்து தனியாகச் சொல்வேன். பழைய பெற்றோருக்கு விதியை மாற்றும்போது இரண்டு மாதம் முன்னால் சொன்னேன். அப்படிச் சொல்லியும் இரண்டு குடும்பம் போய்விட்டது. ஒரு குடும்பம் போனது உண்மையிலேயே வலித்தது, அந்தப் பிள்ளை இங்கேதான் நடக்கக் கற்றது.

விதிக்கு வெளியே ஒரே ஒரு தடவை போனேன். 2024 தொடக்கத்தில் ஒரு அப்பா, "வேலை போயிடுச்சு ஆன்ட்டி, நாளையிலிருந்து வீட்லயே வெச்சிக்கறோம்" என்றார். வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி இன்டர்வியூ கொடுப்பார்? இரண்டு மாதம் பாதிக் கட்டணம் போதும் என்றேன். எந்தத் தேதி வரை என்பதையும் அவரிடம் செய்தியாகவே அனுப்பினேன். தேதி இல்லாத சலுகை கொடுத்தவருக்கும் பாரம், வாங்கினவருக்கும் கூச்சம். வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

இன்னும் எனக்குப் பிடிபடாதது பதினைந்து நாள் விடுப்பு. ஒரு மாதம் இல்லை, இரண்டு நாளும் இல்லை. அதற்குள் இடத்தை நிரப்ப ஆள் கிடைப்பதில்லை, ஆனால் அரை மாதக் காசு அவர்களுக்குப் பெரிது. போன மாதம் ஒரு அம்மா, மாமனாருக்குக் கண் ஆபரேஷன், மதுரைக்குப் போய் இரண்டு வாரம் இருக்க வேண்டும் என்று சொன்னார். சாப்பாட்டுக் காசு 500 மட்டும் கழித்தேன். அவர் சரி என்றுதான் சொன்னார், ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த இரண்டு வாரத்தையும் வருடத்தின் இரண்டு மாதச் சலுகையில் பிரித்து எடுத்துக்கொள்ள விடலாமா என்று நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்பது பேரும் அப்படி எடுத்தால் எவ்வளவு வரும் என்று பார்த்த பிறகு, பொங்கலுக்குப் புதுத் தாள் கொடுக்கும்போது முடிவு செய்ய வேண்டும்.